கவர்னர்தனம்

பி.ஏ. மூன்றாம் வருடத்தில் எங்கள் வகுப்புக்குப் புராஜெக்ட் தலைப்புகளைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள். முந்தைய வருடம் பதினொரு பேர் ஒரே தலைப்பில், ஒரு கமா கூட மாறாமல் எழுதிக் கொடுத்திருந்தார்களாம். அதனால் இந்த முறை எங்கள் மேடம் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் மடித்த சீட்டுகளைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெஞ்சாக வந்தார். பொதுத் தலைப்பு, காலனியமும் ஒப்பந்தங்களும். எனக்கு முன்னால் இருந்தவளுக்கு மைசூர்ப் போர் ஒப்பந்தம் கிடைத்தது. எங்கள் நூலகத்தில் அதற்கு ஒரு அலமாரியே உண்டு. நான் எடுத்த சீட்டில் 'நியூசிலாந்து, வைத்தாங்கி ஒப்பந்தம், 1840' என்று எழுதியிருந்தது.

நியூசிலாந்து என்றால் எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். சீட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். ஒருத்திக்கு மாற்றினால் வகுப்பே வரிசையில் நிற்கும் என்றார் மேடம். அவர் தற்காலிக ஆசிரியை. எங்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். முழு வகுப்பின் புராஜெக்டையும் அவர் ஒருவரே பார்த்தாக வேண்டும். அது அன்று எனக்கு உறைக்கவில்லை. என் தலையெழுத்தை மட்டும் நொந்துகொண்டு உட்கார்ந்தேன்.

நூலகத்தில் நியூசிலாந்துக்கு என்று இருந்தது ஒரே ஒரு புத்தகத்தில் பதினொரு பக்கம். பேரரசின் வரலாற்றை ஒரு ஆங்கிலேயர் எழுதிய தடித்த புத்தகம். அட்டை பிரிந்து, முதுகில் துணி ஒட்டியிருந்தது. அதில் விஷயம் சுலபமாக முடிந்துவிட்டது. மாவோரி என்ற மக்களின் தலைவர்கள் தங்கள் நாட்டின் இறையாண்மையை ராணியிடம் ஒப்படைத்தார்கள். பதிலுக்கு ராணி அவர்களுக்குப் பாதுகாப்பும், நிலத்தின் மேல் உரிமையும், பிரிட்டிஷ் குடிமக்களுக்கான சலுகைகளும் கொடுத்தார். தலைவர்கள் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டார்கள். அவ்வளவுதான். அந்தப் பதினொரு பக்கத்தையும் இரண்டு மத்தியானம் உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். குறைந்தது நாற்பது பக்கம் வேண்டும் என்றார் மேடம்.

மிச்சப் பக்கங்களைத் தேடித்தான் தாம்பரம் மேற்கில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தேன். பிளைவுட் தடுப்பு வைத்த ஆறு அறைகள். உள்ளே போகும்போது காலேஜ் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகும். பாதி திறக்கும்போது கரண்ட் போகும். கரண்ட் வந்தால் முதலிலிருந்து தேட வேண்டும். மூன்று வாரம் இப்படிப் போனது. அஸ்தினாபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தினமும் ஒரு மணி நேரம் தாமதமாகத் திரும்பினேன். அம்மா கேட்டபோது ஒப்பந்தம் என்றேன். எந்த ஒப்பந்தம், யாரோடு என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நாலாவது வாரம்தான் அந்தப் பக்கம் கிடைத்தது. திரையில் இரண்டு பத்திகள். இடது பக்கம் ஒப்பந்தத்தின் ஆங்கில மூலம். வலது பக்கம் மாவோரி மூலத்தை யாரோ வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் திருப்பி எழுதியது. இரண்டு மூலம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அது மட்டுமில்லை. கையெழுத்துப் போட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட தலைவர்களில் பெரும்பாலோர் போட்டது மாவோரிப் பிரதியில். எழுதத் தெரியாத சிலர் தங்கள் முகத்தில் பச்சை குத்தியிருந்த கோலத்தில் ஒரு பகுதியைக் கையெழுத்தாக வரைந்திருந்தார்கள். அந்தக் கோலம் ஒவ்வொருவருக்கும் வேறு. அதைப் பார்த்தால் அவர் யார், எந்த வழியில் வந்தவர் என்று தெரிந்துவிடும் என்று போட்டிருந்தது.

இடது பத்தியில், தலைவர்கள் 'சாவரின்ட்டி'யைக் கொடுக்கிறார்கள். வலது பத்தியில், அவர்கள் கொடுப்பது 'காவனத்தங்கா'. காவன என்றால் கவர்னர். ஆங்கில வார்த்தையையே அவர்கள் நாக்குக்கு ஏற்ப எடுத்துக்கொண்டது. தங்கா என்பது ஒட்டு, ஒரு ஆளின் வேலையையோ தன்மையையோ சொல்ல. பெரியவர், பெரியதனம். கவர்னர், கவர்னர்தனம். நான் அந்த அறைக்குள் உட்கார்ந்து சத்தமாகவே சொல்லிப் பார்த்துவிட்டேன். பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். ஒலி ஒத்துப்போனது தற்செயல்தான், தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் பத்து தடவை படித்தும் புரியாத வித்தியாசம் தமிழில் ஒரே நொடியில் புரிந்தது. அவர்கள் ராணிக்குக் கொடுக்கச் சம்மதித்தது கவர்னர்தனம். தங்களிடமே வைத்துக்கொண்டதாக இரண்டாவது பிரிவில் எழுதியிருந்தது 'ரங்கத்திரத்தங்கா', தலைவனாக இருக்கும் முழுத் தகுதி. நிலத்தின் மேல், ஊர்களின் மேல், தங்கள் எல்லாச் செல்வங்களின் மேல்.

அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு, ரயிலில் நின்றபடியே படித்துக்கொண்டு குரோம்பேட்டையில் இறங்கினேன். மூன்று வருடத்தில் நானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தது அன்றுதான். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது.

அப்பா வீட்டில் இருந்தார். அவர் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர், எங்கள் சர்ச்சின் கமிட்டிச் செயலாளரும்கூட. நான் நேரடியாக விஷயத்துக்குப் போகாமல், 'சாவரின்ட்டி'க்குத் தமிழ் என்ன என்று கேட்டேன்.

"இறையாண்மை," என்றார்.

"கவர்னர் பண்ற வேலைக்கு?"

"ஆளுகைன்னு சொல்லலாம்."

"ரெண்டும் ஒண்ணாப்பா?"

"எப்படி ஒண்ணாகும்? கவர்னர் இன்னொருத்தர் அனுப்பி வர்றவர். அவருக்கு மேல ஆள் உண்டு."

எனக்கு வேண்டியது இதுதான். சந்தோஷத்தில் முழுக்கதையையும் கொட்டிவிட்டேன். அந்த ஒப்பந்தத்தை மாவோரி மொழிக்கு மாற்றியவர் ஒரு பாதிரியார். அவரும் அவர் மகனும் ஒரே ராத்திரியில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். கவர்னர் என்ற வார்த்தை அந்த மக்களுக்குச் சர்ச் மூலமாகத்தான் அறிமுகம். பைபிளில் சிலுவைத் தீர்ப்பு சொன்ன ரோமத் தேசாதிபதியைக் குறிக்க மிஷனரிகள் அந்த வார்த்தையைத்தான் போட்டிருந்தார்கள். ரங்கத்திரத்தங்கா என்ற இன்னொரு வார்த்தை, நாமும் தினமும் சொல்கிற ஜெபத்தில் ராஜ்யம் என்று வருமே, அந்த இடத்தில் அவர்கள் சொல்லும் வார்த்தை. அப்படியானால் அந்தத் தலைவர்களின் காதில் என்ன விழுந்திருக்கும்? தேசாதிபதி வேலையை ராணிக்குக் கொடுக்கிறோம், ராஜ்யம் நம்மிடமே இருக்கிறது என்றுதானே? மானா என்று அவர்களிடம் ஒரு வார்த்தை உண்டு. மதிப்பு, அதிகாரம், ஆளின் உள்ளிருக்கும் வலிமை எல்லாம் சேர்ந்தது. அதைக் கொடுங்கள் என்று எழுதியிருந்தால் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்கள் என்று அந்த நாட்டு ஆய்வாளர்களே சொல்கிறார்கள். பாதிரியாருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

அப்பாவின் முகம் மாறியதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

"அவர் ஏமாத்தினார்ங்கறியா?" என்று கேட்டார்.

தெரியவில்லை, ஆனால் ஏமாற்று மாதிரிதான் இருக்கிறது என்றேன்.

அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவருடைய தாத்தாவை ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலுக்குக்கூட விடாத காலத்தில், சிலேட்டைக் கையில் கொடுத்து உட்காரவைத்தவர் ஒரு பாதிரியார். அந்தச் சிலேட்டு இல்லையென்றால் அப்பா இல்லை, அவருடைய வேலை இல்லை, நான் இல்லை, என் புராஜெக்ட் இல்லை. இதை எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவந்திருக்கிறார். அன்றும் அதையே சொன்னார். கடைசியில், "ஒரு ராத்திரியில ஒரு மனுஷன் வேற என்ன வார்த்தைய கண்டுபிடிப்பான்? நீ உட்கார்ந்து பண்ணிப் பாரு," என்றார்.

இரண்டையும் சேர்த்து யோசிக்க முடியாதா என்று கேட்க நினைத்தேன். சிலேட்டு கொடுத்ததும் உண்மை, அந்த மொழிபெயர்ப்பும் உண்மை. ஆனால் அப்பா எழுந்து போய்விட்டார். அதற்கு அப்புறம் அந்த புராஜெக்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் சொன்னது மட்டும் குத்திக்கொண்டே இருந்ததால், வலது பத்தியை முழுவதும் தமிழில் எழுதிப் பார்க்க முடிவு செய்தேன். மூன்றே பிரிவு, ஒரு முன்னுரை. எனக்கு ஒரு ராத்திரி இல்லை, பதினாறு நாள் ஆனது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்தி, கோபப்பட்டு, கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன். அதை மூன்றாம் அத்தியாயமாக வைத்து, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி, மொத்தம் நாற்பத்தாறு பக்கம் மேடத்திடம் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். மூன்றாம் அத்தியாயம் முழுவதும் குறுக்காக ஒரே கோடு போட்டிருந்தது.

தமிழில் ஏன் எழுதினாய் என்பது முதல் கேள்வி. புராஜெக்ட் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு வார்த்தையும் ஒன்றுபோலவே தெரிகிறது, தமிழில்தான் பிரிகிறது என்றேன். மேடம் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் நோட்ஸில் இருப்பதைத்தான் கேட்பார், நோட்ஸில் இறையாண்மையை ஒப்படைத்தார்கள் என்றுதான் இருக்கிறது, நீ மாற்றி எழுதினால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். நான் பிரின்ட் எடுத்த தாள்களை நீட்டினேன்.

"மாவோரி உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது மேடம்."

"எனக்கும் தெரியாது. தெரியாத மொழிய வச்சுக்கிட்டு நீ எப்படிம்மா வாதம் பண்ணுவே?"

தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்தக் கேள்விக்கு இப்போதும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தப் பதினொரு பக்கம் எழுதின ஆங்கிலேயருக்கு மட்டும் தெரிந்திருந்ததா என்று கேட்டிருக்கலாம் என்பது ரயில் ஏறிய பிறகுதான் தோன்றியது. எனக்கு எல்லாமே ரயில் ஏறிய பிறகுதான் தோன்றும்.

இதற்கு நடுவில்தான் கல்லூரி கல்ச்சுரல்ஸ் வந்தது. எங்கள் வகுப்பில் பெரும்பாக்கத்திலிருந்து வரும் ஒருவன் இருந்தான். நன்றாக ஆடுவான், வகுப்பில் கடைசி பெஞ்ச். நான் ஏதோ விசித்திரமான தலைப்பில் மாட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு ஒருநாள் வந்து என் தாள்களைப் புரட்டினான். அதில் மாவோரிகள் ஆடும் ஹாக்காவின் படம் இருந்தது. கால்களை அகட்டி, தொடையைத் தட்டி, நாக்கை நீட்டி, கண்ணை உருட்டி ஒரு கூட்டமே நிற்கும் படம். எனக்கு அந்த நாட்களில் என் விஷயத்தைக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததே பெரிது. அது வெறும் போர் நடனம் இல்லை, வரவேற்கவும் ஆடுவார்கள், துக்கத்துக்கும் ஆடுவார்கள் என்றெல்லாம் சொன்னேன். முகத்தில் இருக்கும் கோலத்துக்கு மோக்கோ என்று பெயர், அதை வேறொருவர் சும்மா போட்டுக்கொள்வது தப்பு என்றும் சொன்னேன். படங்களைக் கேட்டான். கொடுத்தேன்.

அவன் எதற்குக் கேட்டான் என்பது கல்ச்சுரல்ஸ் அன்று மேடையில்தான் தெரிந்தது. எட்டு பையன்கள். இடுப்பில் சாக்குத் துணி, முகத்தில் கண் மையால் சுழி சுழியாகக் கோடு. அடுத்து வருவது நியூசிலாந்து காட்டுவாசிகள் நடனம் என்று மைக்கில் அறிவித்தார்கள். அவர்கள் நாக்கை நீட்டியபோது அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் துறைத் தலைவர் கைதட்டிச் சிரித்தார். ஆட்டம் முடிந்து, இந்த நடனத்துக்குத் தகவல் கொடுத்து உதவிய மாணவி என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. உட்கார்ந்தே இருந்திருக்கலாம். வெளியே போயிருக்கலாம். நின்றேன், லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. நான் மேடைக்குப் பின்னால் போய் அவனைப் பிடித்தேன். குழாயடியில் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மை போகாமல் கன்னம் முழுக்கச் சாம்பலாக இருந்தது. நான் அவ்வளவு சொல்லியும் மோக்கோவை வரைந்திருக்கிறாயே என்று ஆரம்பித்து, ஒரு மக்களின் கையெழுத்தை எடுத்துக் கோமாளி வேஷம் போட்டிருக்கிறாய் என்றேன். நிலத்தைப் பறித்தது போதாதென்று இதையும் பறிக்க வேண்டுமா என்றேன். எட்டுப் பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் முதலில் சமாதானமாகத்தான் பேசினான். "சிரிக்க வெக்கணும்னு நாங்க ஆடல. அவங்க நிக்கிற நிலை எனக்கு புட்ச்சிது, அதான். காட்டுவாசின்னு மைக்ல சொன்னது யாரு, நானா?" என்றான்.

நான் விடவில்லை. படிக்காமல் எதையும் தொடக் கூடாது என்று ஏதோ சொன்னேன். அதில்தான் அவனுக்குக் கோபம் வந்தது.

"நீ பார்க்காத ஜனங்களுக்கு இவ்ளோ கோவம் வருது உனக்கு. எங்க ஊர்ல இன்னா நடக்குதுன்னு தெரியுமா? எங்க நைனா படிச்சவருதான், கையெழுத்து போடுவாரு. ரோட்டோரமா இருக்கற துண்டு மட்டும்னு சொல்லி ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு இட்டுனு போனாங்க. ஒருத்தன் படிச்சு காட்னான். படிச்சது ஒண்ணு, பத்திரத்துல இருந்தது ஒண்ணு. கெணறும் பின்னால இருக்கற நெலமும் சேர்த்து சர்வே நம்பர் போட்டுகினான். இப்ப அங்க கல்லு நட்டு பிளாட் போட்டுகினு கீறாங்க. இது உன் புக்ல கீதா?"

மற்ற பையன்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். நான் மூன்று வருடமாக அவனோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். ஏரிக்கரையில் இருந்து வருகிறான், பஸ் கிடைக்காமல் லேட்டாக வருகிறான் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "கேஸ் போடலாமே," என்றேன். அவன் மறுபடி முகத்தைத் தேய்க்கப் போய்விட்டான்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் அத்தியாயத்தை எடுக்கவும் மனமில்லை, வைக்கவும் வழியில்லை. திடீரென்று ஒரு யோசனை தோன்றியது. மாவோரி தெரியாதுதான், ஆனால் தமிழ் தெரியும். பெரும்பாக்கத்துப் பத்திரத்தில் படித்துக்காட்டியது ஒன்று, எழுதியிருந்தது ஒன்று என்பதைக் கடைசியில் ஒரு குறிப்பாகச் சேர்த்தால், ஒரு ஒப்பந்தத்துக்கு இரண்டு முகம் எப்படி வருகிறது என்று யாருக்கும் புரிந்துவிடுமே. மேடத்தால்கூடத் தெரியாத மொழி என்று சொல்ல முடியாது. எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. அவனிடம் போய், முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, யோசனையைச் சொன்னேன். பேர் போடமாட்டேன், ஊர் கூடப் போடமாட்டேன் என்றேன்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "எங்க நைனா ஏமாந்தாருன்னு லைப்ரரில பைண்டு போட்டு வெக்கணுமா?" என்று கேட்டான்.

அப்படி இல்லை, ஏமாற்றினவர்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்றேன்.

"படிக்கறவங்க அப்படி படிக்க மாட்டாங்க. இவருக்கு வெவரம் பத்தலன்னுதான் படிப்பாங்க. வேணாம், வுட்டுடு."

விட்டுவிட்டேன். அவன் சொன்னது சரி என்று புரிந்தது, ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அவன் மேல் இல்லை. யார் மேல் என்று சொல்லவும் தெரியவில்லை. ஐந்நூறு தலைவர்களையும் விவரம் போதாதவர்கள் என்றுதான் நானும் முதலில் படித்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டார்கள் என்ற வரியை இரண்டு மத்தியானம் உட்கார்ந்து கையால் எழுதியவள்தானே நான்.

கடைசியில் மூன்றாம் அத்தியாயம் இல்லாமல்தான் டைப்பிங்குக்குக் கொடுத்தேன். பக்கம் குறைந்துவிட்டதால், நியூசிலாந்தின் ஆடு வளர்ப்பு பற்றி ஆறு பக்கம் சேர்த்தேன். டைப் அடித்த அக்கா நல்லவர், அவசரக்காரர். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்ட இடத்திலெல்லாம் அது காட்டிய வார்த்தையை அப்படியே மாற்றிவிட்டார். பைண்டிங் முடிந்து கைக்கு வந்தபோது முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், வைத்தாங்கி இருக்க வேண்டிய இடத்தில் 'வெயிட்டிங் ஒப்பந்தம்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. உள்ளேயும் எல்லா இடத்திலும் வெயிட்டிங். மறுநாள் வைவா. நான்கு பிரதியிலும் வெள்ளை மை வைத்து, காய்ந்ததும் பேனாவால் திருத்தி எழுதினேன். தொண்ணூறு இடத்துக்கு மேல் இருக்கும். ஆடு வளர்ப்பு அத்தியாயத்தில் மட்டும் ஒரு தப்பும் இல்லை.

வைவாவுக்கு வந்த தேர்வாளர் வயதானவர். களைத்திருந்தார், எனக்கு முன்னால் பதினெட்டுப் பேரைப் பார்த்திருந்தார். பக்கத்தில் மேடம் உட்கார்ந்திருந்தார். எந்த வருடம் என்று கேட்டார். சொன்னேன். எத்தனை பிரிவு என்றார். மூன்று என்றேன். முதல் பிரிவின்படி தலைவர்கள் எதை ஒப்படைத்தார்கள் என்று கேட்டார்.

சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஒரே வார்த்தைதான். ஆனால் என் வாய், "எந்த மூலத்துல சார்?" என்று கேட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேடம் குறுக்கிட்டு, ஆங்கில மூலம்தான் என்றார். தேர்வாளருக்கு அதற்குள் ஆர்வம் வந்துவிட்டது. இரண்டு மூலம் இருக்கிறதா என்றார். இருக்கிறது சார், இரண்டும் ஒன்று சொல்லவில்லை என்றேன்.

"ரெண்டும் வேற வேற சொன்னா அது ஒப்பந்தமே இல்லையேம்மா. ரெண்டு தரப்பும் ஒண்ணுக்குச் சம்மதிச்சாத்தானே ஒப்பந்தம்?"

"அதத்தான் சார் எழுதியிருக்கேன்."

"எங்கே?" என்று என் புராஜெக்டைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே போனார். இரண்டாம் அத்தியாயம் முடிந்து ஆடு வளர்ப்பு வந்தது. நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் மேஜையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீக்கச் சொன்னார்கள் என்று சொல்லியிருந்தால், அவரை மாட்டிவிட்டது போல ஆகியிருக்கும். சொல்லாமல் நின்றேன். எழுதாததை எழுதினேன் என்று சொல்லக் கூடாது என்று தேர்வாளர் அமைதியாகச் சொல்லி, வெள்ளை மைத் திருத்தங்களை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, போகலாம் என்றார்.

வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோது மேடம் பின்னாலேயே வந்தார். அடுத்த ஆளை உள்ளே உட்காரவைத்துவிட்டு வந்திருந்தார், மூச்சு வாங்கியது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு இந்த டிபார்ட்மென்ட்ல வருஷா வருஷம் மறுபடியும் ஆர்டர் போட்டாத்தான் வேலை," என்றார். "வம்பு வந்தா போடமாட்டாங்க. உன் அத்தியாயத்த நான் சரியாப் படிக்கக்கூட இல்ல. முப்பது பேர் புராஜெக்ட். அந்தப் பேப்பர் இருக்கா? குடு, படிச்சிட்டுத் தரேன்."

பையில் இருந்தது. பதினாறு நாள் எழுதியது, என் கையெழுத்தில், ஒரே பிரதி. அதை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு நாளில் அதைப் படிக்கிறேன் என்று கேட்ட முதல் ஆள் அவர். எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

புராஜெக்டில் பாஸ் மார்க்குக்கு இரண்டு கூடக் கிடைத்தது. எம்.ஏ. வரலாற்றுக்கு அதே கல்லூரியில் போட்ட விண்ணப்பம் காத்திருப்போர் பட்டியலோடு நின்றது. பி.எட். சேர்ந்தேன். பெரும்பாக்கத்துக்காரன் ஒரு கூரியர் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் நிலத்தில் வீடுகள் எழும்பிவிட்டன என்றும் வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள். அப்பாவும் நானும் மற்ற எல்லா விஷயமும் பேசுவோம். மிஷனரிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பேரில் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம்.

ஜூலை மாதம் மார்க் ஷீட் வாங்கக் கல்லூரிக்குப் போனபோது ஸ்டாஃப் ரூமில் எட்டிப் பார்த்தேன். மேடத்தின் மேஜையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அந்த வருடம் அவருக்கு ஆர்டர் போடவில்லையாம். எங்கே போனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. திருமணம் ஆகி மதுரைப் பக்கம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், இல்லை, வேறு கல்லூரி என்றார் இன்னொருவர். பழைய தாள்கள் ஏதாவது விட்டுப்போனாரா என்று கேட்டேன். புதியவர் நல்ல மனதோடு இழுப்பறைகளை எல்லாம் திறந்து காட்டினார். சாக்பீஸ் பெட்டியும், வருகைப் பட்டியலின் பழைய நகலும், ஒரு குடையும் இருந்தன.

அதற்கப்புறம் இரண்டு தடவை அந்த மூன்று பிரிவுகளையும் மறுபடி தமிழில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் பிரிவு வந்துவிடுகிறது. இரண்டாவதில், செல்வம் என்று நான் முன்பு எழுதிய இடத்தில் மாவோரியில் 'தவோங்கா' என்று இருக்கிறது. மொழியும் அதில் சேரும் என்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத பிறவும் சேரும் என்கிறார்கள். செல்வம் போதவில்லை. சொத்து என்று போட்டால் பத்திரம் மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் பதினாறு நாளில் ஏதோ ஒரு வார்த்தையை அடித்துவிட்டுச் செல்வம் என்று மாற்றினேன். அடித்த அந்த வார்த்தை என்ன என்பது மட்டும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.